உள்சாலைப் பயணத்துக்கு மணிக்கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய உள்சாலைப் பயணங்களைப் பற்றி உங்கள் வார இறுதிப் பக்கத்தில் தொடர்ந்து எழுதிவருகிறீர்கள். படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ‘மொத்தத் தூரம் 180 கிலோமீட்டர்’ என்பதுபோல ஒற்றை வரி போட்டு முடித்துவிடுகிறீர்கள். நெடுஞ்சாலைக்கு அது போதும். உள்சாலைக்கு அந்த எண் ஆபத்தானது. படிப்பவர் 180-ஐ 60-ஆல் வகுக்கிறார், மூன்று மணி நேரம் என்று முடிவு கட்டுகிறார், சாவகாசமாகப் பத்து மணிக்கு மேல் கிளம்புகிறார். பொழுது சாய்ந்தபின் முன்பின் தெரியாத மலைப்பாதையில் பிரேக்கை மிதித்தபடி இறங்கிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் இவர்தான்.

கணக்கு தப்புவது சராசரியில். 30 கிலோமீட்டர் நல்ல சாலை, மணிக்கு 60 வேகம். அடுத்த 30 கிலோமீட்டர் வளைவும் நெளிவும், மணிக்கு 20. சராசரி 40 என்றுதான் யாருக்கும் சட்டென்று தோன்றும். நல்ல சாலைக்கு அரை மணி, மலைக்கு ஒன்றரை மணி. ஆக 60 கிலோமீட்டரைக் கடக்க இரண்டு மணி. உண்மையான சராசரி 30. மெதுவான பகுதிதான் நாளைத் தின்கிறது. இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: நல்ல சாலையில் 60-க்குப் பதிலாக 80-இல் விரட்டினாலும் மிச்சமாவது ஏழரை நிமிடம். வழியில் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தால் அதுவும் போயிற்று.

எனவே வழியை முதலில் துண்டு போட வேண்டும். இரண்டு வண்டிகள் தாராளமாக விலகும் சமதளத் தார்ச்சாலைக்கு மணிக்கு 50, ஊர்களுக்குள் நுழைந்து நுழைந்து போகும் ஒற்றைத் தடத்துக்கு 35, கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதைக்கு 20 முதல் 25, ஜல்லி பெயர்ந்த சாலைக்கும் மண் பாதைக்கும் 15. இவற்றுக்கு மேல் வைத்துக் கணக்கிடுவது ஆசை, திட்டமல்ல. உங்கள் 180 கிலோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். அதில் 60 கிலோமீட்டர் முதல் வகை என்றால் 72 நிமிடம். 80 கிலோமீட்டர் ஒற்றைத் தடம், 137 நிமிடம். மீதி 40 கிலோமீட்டர் மலை, மணிக்கு 22 என்று வைத்தால் 109 நிமிடம். மொத்தம் 318. வழி தவறுவது, எதிரே வரும் லாரிக்காகப் பின்வாங்குவது, ஆட்டு மந்தைக்குக் காத்திருப்பது இவற்றுக்கென்று ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 64 நிமிடம். இரண்டு மணிக்கு ஒருமுறை கால் நீட்டப் பதினைந்து நிமிடம் வீதம் இரண்டு நிறுத்தம். கூட்டினால் ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னும் எந்த இடத்தையும் பார்க்கவில்லை! போய்ச் சேருமிடத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தால் எட்டரை மணி நேரம் ஆகிவிடும். காலை ஆறரைக்குக் கிளம்பியவர் மாலை மூன்றுக்கு வீடு திரும்புவார். பத்தரைக்குக் கிளம்பியவர் இரவு ஏழுக்கு. கடைசி 40 கிலோமீட்டர் மலையாக இருந்தால் நிலைமை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

படம் எடுக்க ‘ரெண்டே நிமிஷம்’ என்று நிறுத்துவதையும் கணக்கில் சேருங்கள். ஓரம் கட்டி, எல்லோரும் இறங்கி, எல்லோரும் ஏறி, கதவு சாத்திக் கிளம்பப் பத்து நிமிடத்துக்குக் குறையாது. ஆறு முறை நின்றால் ஒரு மணி நேரம்.

கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்தை நம்பலாமா என்றால், நெடுஞ்சாலையில் நம்பலாம். அங்கே ஆயிரக்கணக்கான வண்டிகளின் வேகத்தை வைத்து அது கணிக்கிறது. ஒரு நாளைக்கு நாலு வண்டி போகும் தடத்தில் அதற்குக் கிடைக்கும் தகவல் சொற்பம். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு நிமிடம் குறைகிறது என்பதற்காக வரப்பைப் போன்ற பாதையில் திருப்பிவிடுவது. வீட்டிலேயே செயற்கைக்கோள் படத்தை முழுதாகப் பெரிதாக்கி, வழி நெடுக ஒருமுறை விரலால் ஓட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சீரான அகலத்தோடு போனால் தார். பழுப்பு நிறமாக, அகலம் கூடிக் குறைந்து போனால் மண். ஆற்றின் மீது கோடு போகிறது, ஆனால் பாலத்தின் நிழல் விழவில்லை என்றால் அது தரைப்பாலமாகவோ வெறும் இறங்குதுறையாகவோ இருக்கலாம். மழைக்காலத்தில் அங்கே வழியே இருக்காது. நிலவமைப்பைக் காட்டும் படத்தில் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து. சாலை அந்தக் கோடுகளைப் பல்லுப் பல்லாக வெட்டிக்கொண்டு ஏறினால் ஒவ்வொரு பல்லும் ஒரு கொண்டை ஊசி வளைவு. எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பகுதி வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வையுங்கள். மலைக்குள் சிக்னல் போனபின் இறக்க முடியாது.

கைப்பேசி இருந்தாலும் ஒரு தாள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கண்ணாடிக்கு அடியில் வெயிலில் மாட்டிய கைப்பேசி சூடேறித் திரையை மங்கவைக்கும், சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், சில நேரம் தானே அணைந்துவிடும். அரைத்தாளில் ஒவ்வொரு திருப்பத்தையும் டிரிப் மீட்டர் கணக்கோடு எழுதினால் போதும்: ‘32.4, கவட்டுப் பாதை, இடது. 41, பாலம் தாண்டியதும் வலது.’ கிளம்பும்போது டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைக்க மறக்கக் கூடாது. வண்டியின் மீட்டர் நூற்றுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் பிசகலாம் என்பதால், தெளிவாக அடையாளம் தெரிகிற ஊரிலோ முச்சந்தியிலோ மறுபடி பூஜ்யமாக்குவது நல்லது. தாளைப் பிடித்து வழி சொல்பவர் ஓட்டுநராக இருக்கக் கூடாது.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதை யாருமே யோசிப்பதில்லை. ஒரு வழியில் போய் வேறு வழியில் வீடு திரும்பும் வளையத்தை, காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் ஓட்டும்படி அமைத்தால் சூரியன் எப்போதும் முதுகுக்குப் பின்னால். தலைகீழாக அமைத்தால் இரண்டு வேளையும் கண்ணில் அடிக்கும். தூசு படிந்த கண்ணாடியில் அது வெள்ளைத் திரை போல விழும், எதிரே சைக்கிளில் வருபவர் தெரியமாட்டார். கடினமான பகுதி முற்பகலில் வர வேண்டும், நல்ல சாலை கடைசியில். சூரியனும் மலையும் முரண்பட்டால் மலைக்கே முதலிடம் கொடுங்கள்.

அடுத்தது, கழன்றுகொள்ளும் இடங்கள். வளையத்தில் எந்தெந்த முச்சந்தியிலிருந்து நெடுஞ்சாலைக்குத் திரும்பிவிட முடியும் என்று முன்பே குறித்து வையுங்கள். முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்று கிடைத்தால் நிம்மதி. ஒவ்வொன்றுக்கும் நேரம் போடுங்கள்: ‘இந்த இடத்தைப் பன்னிரண்டரைக்குள் தாண்டவில்லையென்றால் மேலே ஏறுவதில்லை.’ இதைக் காலையில், தெளிந்த தலையோடு, கூட வருபவர்கள் எல்லோர் முன்னாலும் முடிவு செய்ய வேண்டும். வழியில் போய் விவாதித்தால் ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்கிற குரல்தான் ஜெயிக்கும்.

வண்டிக்கு வருவோம். டயரின் காற்றழுத்தத்தை வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூடும். ஓடிச் சூடான டயரில் அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்குபவர் மூன்று நான்கு பிஎஸ்ஐ குறைவாக ஓட்டிக்கொண்டிருப்பார். குழியில் விழும்போது டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே நசுங்கி வெட்டுப்படும். அந்த வெட்டுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் பெரும்பாலும் இரண்டு அளவுகள் இருக்கும். ஐந்து பேரும் பைகளும் ஏறினால் முழுச் சுமைக்கான அளவைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பள்ளம் தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும். ஸ்டெப்னியில் இந்த எண்ணைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு; காற்றைப் பார்ப்பவர்களும்தான்.

ஸ்டெப்னி மாற்றுவதை ஒருமுறை வீட்டு வாசலிலேயே செய்து பாருங்கள். வண்டியோடு வரும் ஸ்பேனர் குட்டையாக இருக்கும். இயந்திரத்தால் இறுக்கிய நட்டு அதற்கு அசையாது. நட்டுகளில் ஒன்று பூட்டு நட்டாக இருந்தால் அதற்குரிய சாவி டிக்கியில் இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முறை இதுதான்: சமதளம், கியரில் போட்டு ஹேண்ட்பிரேக், குறுக்கெதிர்ச் சக்கரத்துக்குக் கல். ஜாக்கி ஏற்றுவதற்கு முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். தூக்கியபின் தளர்த்தினால் சக்கரம் சுழலும், வண்டி ஜாக்கியிலிருந்து சரியலாம். உள்சாலை ஓரம் பெரும்பாலும் பொதபொதவென்ற மண். ஜாக்கி உள்ளே இறங்கும். ஒரு சாண் சதுரத்தில் கனமான பலகை ஒன்று டிக்கியில் கிடந்தால் அந்தத் தொல்லை இல்லை. மாட்டும்போது நட்டுகளை வரிசையாக இறுக்காமல், ஒன்று விட்டு ஒன்று எதிரெதிராக இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் போனதும் மறுபடி சோதியுங்கள். ஸ்டெப்னி மெலிந்த வகை என்றால் மணிக்கு 80-ஐத் தாண்டக் கூடாது, அதோடு மலை ஏறவும் வேண்டாம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். ஆணியே அடைப்பாக இருந்து காற்றை மெல்லத்தான் விடும். 12 வோல்ட் காற்று பம்பு கையிலிருந்தால் அதிலேயே அடுத்த ஊர் வரை போய்விடலாம்.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். வண்டியைக் கெடுப்பது இறக்கம். 1500 கிலோ எடையுள்ள கார் 800 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதை எஞ்சின் வாங்கிக்கொள்ளாவிட்டால், பெரும்பகுதி நாலு சக்கரத்து பிரேக்குகளில்தான் இறங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. டாட் 3 வகைக்கு 205, 140. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

எனவே ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். தானியங்கி கியர் வண்டியில் எல் (L), 2 அல்லது பி (B) நிலை அதற்காகவே இருக்கிறது. பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டே இருப்பது தவறு. வேகம் கூடியதும் அழுத்தமாக ஒருமுறை மிதித்துக் குறைத்துவிட்டு, காலை முழுக்க எடுத்து ஆறவிட வேண்டும். கருகல் நெடி வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும்: கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் பிரேக் தட்டு கோணும். நியூட்ரலில் விட்டு எரிபொருள் மிச்சம் பிடிக்கிறேன் என்பவருக்கு ஒன்று: இப்போதைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருள் ஊசியையே மூடிவிடுகின்றன. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் சும்மா ஓட எரிபொருள் செலவாகும்.

மின்சார வண்டிக்காரர்களுக்குத் தனிக் கணக்கு. அதே 1500 கிலோவை 1000 மீட்டர் உயர்த்த மட்டும் சுமார் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். இழப்புகளைச் சேர்த்தால் 5 என்று வையுங்கள். இது வழக்கமான ஓட்டச் செலவுக்கு மேல். இறங்கும்போது ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் உச்சியில் தங்கி இரவெல்லாம் நூறு சதவீதம் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கினால், வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமில்லை. மோட்டார் தரும் தடுப்பு குறைந்து பாரமெல்லாம் சாதாரண பிரேக்குக்குப் போகும். எண்பத்தைந்தோடு நிறுத்துவது புத்திசாலித்தனம். பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு விதி எளிது: நெடுஞ்சாலையை விட்டு விலகும் இடத்தில் தொட்டி பாதிக்குக் கீழே இருக்கக் கூடாது.

எஞ்சின் சூட்டு முள் மேலே போனால் ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுதாகத் திறந்து ஓரம் தேடுங்கள். வேர்க்கும், ஆனால் வெப்பம் வெளியேறும். ரேடியேட்டர் மூடியை முக்கால் மணி நேரத்துக்குத் தொடக் கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்டு நூறு டிகிரிக்கு மேல் போன திரவம், மூடி அசைந்த கணத்தில் முகத்தில் பீறிடும்.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. மணிக்கு 60-இல் போகும் வண்டி, கண் பார்த்துக் கால் மிதிப்பதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த தாரில் நிற்க இன்னும் 20, சரளை சிதறிய சாலையில் 40. ஆக 65 மீட்டர். இரவில் லோ பீம் (தாழ்த்திய முன்விளக்கு) தெளிவாகக் காட்டுவது சுமார் 50. மீதிப் பதினைந்து மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். அதே சரளையில் 40-இல் போனால் 35 மீட்டருக்குள் நின்றுவிடலாம். ஒற்றைத் தடத்தில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்கும்படி ஓட்ட வேண்டும், ஏனென்றால் எதிரே வருபவருக்கும் நிற்க இடம் வேண்டும். சரிவில் இருவர் சந்தித்தால் பல நாடுகளில் ஏறுபவருக்கே முன்னுரிமை. சுமையோடு ஏற்றத்தில் நின்றுவிட்டு மறுபடி கிளப்புவதுதான் கடினம். மேயும் ஆடு மாடு சாலையைக் கடந்தால், பின்னால் இன்னொன்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வண்டி பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி வழிவிடுவது மேல். அவருக்கு ஒவ்வொரு குழியும் தெரியும்.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், இறங்கி நடந்து பார்க்கவும் வேண்டாம், முன்னால் போன லாரியைப் பார்த்துத் துணியவும் வேண்டாம். ஒரு சாணுக்கும் குறைவான, 15 சென்டிமீட்டர் நீரே சின்ன கார்களின் தளத்தைத் தொடும். 30 சென்டிமீட்டர் ஓடும் நீர் பல கார்களை மிதக்கவைத்துத் தள்ளும். 60 என்றால் பெரிய வண்டிகளையும் இழுத்துப்போகும். அடியில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பதும் கலங்கிய நீரில் தெரியாது. கழன்றுகொள்ளும் இடத்தை முன்பே குறித்து வைத்தவருக்கு இங்கே அரை மணி நேரம்தான் நட்டம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, பயணப் பக்கத்தில் தூரத்துக்குக் கீழே இன்னும் நான்கு வரிகளுக்கு இடம் ஒதுக்குங்கள். சமதளம், ஒற்றைத் தடம், மலை, மண் என்று எத்தனை எத்தனை கிலோமீட்டர். நிறுத்தங்கள் சேர்த்து எத்தனை மணி நேரம். கடைசி எரிபொருள் நிலையம் எந்த இடத்தில். எந்த முச்சந்தியில் எத்தனை மணிக்குத் திரும்பிவிட வேண்டும். இடம் போதவில்லையென்றால், படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்